விளக்கு தின்ற எண்ணிக்கை

ஜூன் 3, திங்கள்

போதும், இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது. இனி எழுதிவைக்கப் போகிறேன். யாருக்காக என்று இப்போது தெரியவில்லை.

இன்று அலுவலகத்தில் ஆண்டு விழா. சோழிங்கநல்லூர் வெயிலில் பந்தல் போட்டு, பிரியாணி போட்டு, எங்கள் இயக்குநர் ஜெயசீலனை மேடையேற்றினார்கள். கருவிகளை ஒன்றோடொன்று இணைக்க நாங்கள் தயாரிக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றை அவன் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக் காட்டினான். "இந்தப் பெட்டிக்குள்ள ஓடுற ஸாஃப்ட்வேர் என் டேபிள்லதான் பிறந்துச்சு. கூட இருந்தவங்களும் ஹெல்ப் பண்ணாங்க." கூட இருந்தவர்கள் என்பது நான் ஒருவன். பன்மையில் சொன்னது மரியாதைக்காகப் போலும்.

அவனும் நானும் ஒரே கல்லூரி, ஒரே விடுதி அறை. மதிப்பெண்ணில் எப்போதும் நான் மேலே. ஐம்பது வயதுக்கு மேல் இதை எழுதுவது அற்பம்தான். ஆனாலும் அது உண்மை.

பிரியாணியில் உப்பு அதிகம்.

ஜூன் 5, புதன்

தண்ணீர் லாரி வரவில்லை. குடியிருப்புச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்தே சண்டை. கோமதி இருந்த தண்ணீரை எனக்கு ஒரு வாளி, அவளுக்கு ஒரு வாளி என்று பிரித்து வைத்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள். கணக்கு டீச்சர். வீட்டிலும் எங்களுக்குள் பேச்சு அந்த அளவில்தான்.

ஜூன் 6, வியாழன்

செண்பகவல்லி என் இருக்கைக்கு வந்தாள். வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருப்பவள், கோவில்பட்டிக்காரி. போன வருடம் புதுமனை புகுவிழாவுக்கு எங்கள் தளம் முழுக்கப் பத்திரிகை கொடுத்தாள். எனக்கு மட்டும் தரவில்லை. மறந்துவிட்டதாகப் பிறகு சொன்னாள். நான் மறக்கவில்லை.

"சார், ஒரு அஞ்சு நிமிசம். மதுரை ஆஸ்பத்திரி விசயம்."

கேள்விப்பட்டிருந்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் எங்கள் ஸ்விட்ச் இருக்கிறது. ஒவ்வொரு கட்டிலின் அருகிலும் இருக்கும் மானிட்டர், நோயாளியின் இதயத் துடிப்பை எங்கள் பெட்டி வழியாகச் செவிலியர் மேசையில் உள்ள திரைக்கு அனுப்புகிறது. போன மாதம் ஒரு மாலையில் ஓர் ஆட்டோ ஓட்டுநருக்குத் துடிப்பு விழுந்திருக்கிறது. மேசையில் எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. தாமதமாகத்தான் கவனித்திருக்கிறார்கள். உயிர் இருக்கிறது. கண் திறந்திருக்கிறது. மனைவியை அடையாளம் தெரியவில்லை.

பணியில் இருந்த சிஸ்டர் லூர்துமேரியைத் தற்காலிகமாக நீக்கியிருக்கிறார்கள். மணி அடித்தபோது தொந்தரவு என்று அவரே அதை அமுக்கி நிறுத்தியிருக்க வேண்டும் என்பது குற்றச்சாட்டு. அதற்கு ஆதாரம், எங்கள் நிறுவனம் கொடுத்த அறிக்கை: ஸ்விட்சில் தவறிய பாக்கெட்டுகள் (செய்தியைச் சுமக்கும் சிறு துண்டுகள்) பூஜ்யம். அதாவது செய்தி மேசைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, குற்றம் மனுஷியுடையது. அறிக்கையில் கையெழுத்திட்டவள் செண்பகவல்லி.

"நான் நேர்ல போய்ப் பாத்தேன் சார். அந்தம்மா பொய் சொல்லுத மாதிரி தெரியல. மணி அடிக்கவே இல்லங்காங்க. சத்தியம் பண்ணல, அழல. அடிக்கலம்மான்னு திருப்பித் திருப்பி அதையே சொல்லுதாங்க. அந்த பூஜ்யம் நெசந்தானா சார்?"

"ஏன் என்னிடம் கேட்கிறாய்?"

"சிப்புகிட்ட பேசுற ஸாஃப்ட்வேர் உங்களோடதுதான?"

மேடையில் அது ஜெயசீலனுடையது. பழுது என்றால் மட்டும் என்னுடையது. பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

பார்க்க வேண்டிய தேவை இல்லை. அவள் கேட்டு முடிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஜூன் 7, வெள்ளி

இதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன்.

ஸ்விட்சுக்குள் இருக்கும் கணினி பாக்கெட்டுகளைத் தொடுவதே இல்லை. அது பெரிய வீட்டின் கணக்கப்பிள்ளை மாதிரி, உட்கார்ந்துகொண்டிருக்கும். வேலை முழுவதையும் செய்வது அதற்கென்றே செய்யப்பட்ட ஒரு சிப். கம்பி வழியாகப் பாக்கெட் உள்ளே நுழைந்ததும் அதன் தலைப்பை மட்டும் பிரித்து, யாருக்குப் போக வேண்டும் என்று பார்க்கும். சிப்புக்குள்ளேயே முகவரி அட்டவணை உண்டு. அதில் தேடி எந்த வாசல் என்று முடிவு செய்யும். பாக்கெட்டின் உடலைப் பொதுக் கிடங்கில் வைத்துவிட்டு, அந்த வாசலின் வரிசையில் அதற்கு ஓர் இடம் போடும். முறை வந்ததும் எடுத்து அனுப்பும். கண் இமைப்பதற்குள் கோடிக்கணக்கில் இப்படி. மனிதன் செய்த பொருள்களில் இவ்வளவு அழகானது வேறு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்.

ஆனால் கிடங்கு சிறியது. பல வாசல்களிலிருந்து ஒரே வாசலை நோக்கிச் சரக்கு ஒன்றாக வந்தால் நிறைந்துவிடும். நிறைந்தால் அடுத்து வருவதைச் சிப் கீழே போட்டுவிடும். கத்தாது. தவறியவற்றை எண்ணும் ஒரு கவுண்டரில் ஒன்றைக் கூட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். மதுரையில் ஸ்கேன் அறைகள் தங்கள் படங்களையெல்லாம் மாலையில் மொத்தமாக அனுப்புகின்றன. அதே வாசல் வழியாகத்தான் இதயத் துடிப்பும் போகிறது.

இந்தச் சிப்பில் ஒரு குணம் உண்டு. அந்தக் கவுண்டரை ஒருவர் படித்தால், படித்த கணத்திலேயே அது பூஜ்யமாகிவிடும். குறையல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். படிக்கும் ஸாஃப்ட்வேர் அந்த எண்ணைத் தன்னிடம் சேர்த்துவைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஒருவர் மட்டுமே படிக்க வேண்டும். நான் எழுதியபோது என் நிரல் மட்டுமே படித்தது.

ஜெயசீலனுக்கு விளக்கு வேண்டும் என்று தோன்றியது. பாக்கெட் தவறினால் பெட்டியின் முகப்பில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு மின்ன வேண்டும். "கஸ்டமர் கண்ணுக்கு ஏதாவது தெரியணும்டா. உன் நம்பரை எவன் பாக்கறான்?" அந்த விளக்குக்கான நிரல் அதே கவுண்டரை நேரடியாகப் போய்ப் படிக்கிறது, அதுவும் என்னுடையதைவிடப் பலமடங்கு அடிக்கடி. பூஜ்யமில்லை என்றால் மின்னவைக்கிறது. எண்ணை எறிந்துவிடுகிறது. என் நிரல் போய்ப் பார்க்கும்போது அங்கே ஒன்றும் இருக்காது.

அன்றே சொன்னேன். எழுத்தில் சொன்னேன். "அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்" என்றான். அதற்குப் பிறகு எத்தனையோ ரிலீஸ் வந்துவிட்டது. ஒரு முறை சொன்னவன் மறுமுறை சொல்ல மாட்டேன்; அது என் சுபாவம்.

ஜூன் 10, திங்கள்

செண்பகவல்லிக்குச் சோதித்துக் காட்டினேன். ஆய்வகத்தை அவள் பெயரிலேயே முன்பதிவு செய்யச் சொன்னேன். என் பெயரில் என்றால் ஜெயசீலனுக்குத் தெரிந்து, காரணம் கேட்பான்.

பல கணினிகளிலிருந்து ஒரே வாசலுக்குச் சரக்கைத் தள்ளினோம். நடுவே மானிட்டர் அனுப்புவதுபோல் சிறிய பாக்கெட்டுகள். மறுமுனையில் வந்தவற்றை எண்ணினோம். பாதிக்கு மேல் வரவில்லை. ஸ்விட்சைக் கேட்டோம். தவறியவை: பூஜ்யம்.

முகப்பில் ஆரஞ்சு விளக்கு ஒரு நொடி மின்னி அணைந்தது.

"சார்! இது மின்னுது! இதே லைட்ட அந்தம்மா சொன்னாங்களே. சுவத்துப் பெட்டியில மஞ்சளா ஏதோ மினுக்கு மினுக்குன்னுச்சுன்னு. ஆஸ்பத்திரி விசாரணைக் கமிட்டிக்காரங்க சிரிச்சாங்களாம்."

விளக்கின் நிரலை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினேன். கவுண்டர் விறுவிறுவென்று ஏறியது. திரை முழுக்க எண்கள். செண்பகவல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் எதிர்பார்த்த அளவுக்கு எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. கொஞ்சம் வந்தது.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"சொல்லியிருக்கிறேன். எழுத்தில் இருக்கிறது."

"சரி, பெறகு?"

"யாரும் என்னிடம் கேட்கவில்லை."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு மேசையில் கிடந்த கம்பிகளைச் சுருட்டத் தொடங்கினாள். சுருட்டும்போது ஏதோ முணுமுணுத்தாள், காதில் விழவில்லை.

ஜூன் 12, புதன்

கடைவாய்ப் பல்லில் வலி. மருத்துவர் பிடுங்க வேண்டும் என்கிறார். வேறொருவரிடம் கேட்க வேண்டும்.

ஜூன் 14, வெள்ளி

ஜெயசீலன் தன் அறைக்குக் கூப்பிட்டான். செண்பகவல்லி தன் அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்று மெயில் அனுப்பியிருக்கிறாள். அதில் என் பெயரைப் போடவில்லை. "சோதனையில் தெரியவந்தது" என்று மட்டும் எழுதியிருக்கிறாள். யார் கண்டுபிடித்தது என்று எழுதியிருக்கலாம்.

"வாடா, உக்காரு. காபி சொல்லட்டா? பல்லு எப்படி இருக்கு?"

பல் விஷயம் இவனுக்கு எப்படித் தெரியும்? கோமதிக்கே நேற்றுத்தான் தெரியும்.

"அந்தப் பொண்ணு ஆடுது. நீ ஏதாவது சொன்னியா அதுகிட்ட?"

"சிப்பைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன்."

"டேய், நூறு ஆஸ்பத்திரிக்கு ஆர்டர் பேசிட்டிருக்கேன். இப்பப் போயி கவுண்டர் பொய் சொல்லுதுன்னா எவன் வாங்குவான்? அடுத்த அப்டேட்ல சத்தமில்லாம சரி பண்ணிடு. ரெண்டு வரி வேலை உனக்கு."

"அந்தச் செவிலியர்?"

"அவங்களுக்கு யூனியன் இருக்கும், பாத்துப்பாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினான். "சீஃப் ஆர்க்கிடெக்ட் போஸ்ட் ஒண்ணு வருது. போர்டுல உன் பேரைத்தான் சொல்லிருக்கேன். ரொம்ப லேட்டு, எனக்கும் தெரியும். வியாழக்கிழமை ஆஸ்பத்திரி கமிட்டியோட வீடியோ கால். நீயும் உக்காரு. கேட்டா மட்டும் பேசு."

அந்தப் பதவியை நான் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான். இதைத் தெளிவுக்காக எழுதுகிறேன்.

காபி நன்றாக இருந்தது.

ஜூன் 17, திங்கள்

கேண்டீனில் செண்பகவல்லி எதிரே வந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டுத் தட்டு இல்லை.

"சார், வியாழக்கெழம நீங்க சொல்லிருவீங்கள்ல?"

நானும் யோசித்துத்தான் வைத்திருந்தேன். கமிட்டிக்குப் பெயரில்லாமல் ஒரு கடிதம் போட்டால் என்ன? தொழில்நுட்ப விவரம் முழுவதும் அதில் இருக்கும்; யாருக்கும் பாதகமில்லை. சொன்னேன்.

"மொட்டைக் கடுதாசியா?" அவள் சிரித்துவிட்டாள். கேலிச் சிரிப்பு இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல். "அத கமிட்டிக்காரங்க படிக்க மாட்டாங்க சார். கிழிச்சுப் போட்டுருவாங்க. நம்ம ஆபீஸ்லதான் படிப்பாங்க. படிச்சிட்டு என்னையத்தான் தேடுவாங்க. வேற யாருக்குத் தெரியும் இது, உங்களயும் என்னையும் விட்டா?"

"உனக்கு வயது இருக்கிறது. வேறு வேலை கிடைக்கும்."

"எனக்குக் கெடைக்கும் சார். அந்தம்மாவுக்குக் கெடைக்காது. நர்சிங் பதிவையே ரத்து பண்ணப்போறாங்களாம். நான் சொன்னா சப்போர்ட்டுக்காரி ஒளறுதான்னு தள்ளிருவாங்க. சிப்பத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் பேரப் போட்டு ஆமான்னு சொல்லணும். அவ்வளவுதான் சார் வேணும்."

யோசிக்கிறேன் என்றேன். எழுந்து போகும்போது என் தட்டையும் எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டாள். நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

வீடியோ கூட்டம் முடிந்தது. பல்வலி. சீக்கிரம் வந்துவிட்டேன்.

ஜூன் 22, சனி

பல்லைப் பிடுங்கியாயிற்று. பஞ்சைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். லாரி வந்தது, தொட்டி நிறைந்தது.

வியாழக்கிழமை நடந்ததை எழுதாமல் விட்டால், பிறகு யாராவது தப்பாகச் சொல்வார்கள்.

திரையில் நீளமான மேசை. கமிட்டித் தலைவர் ஒரு பெரியவர், மருத்துவர். ஓரத்தில் லூர்துமேரி. நான் இளம்பெண் என்று நினைத்திருந்தேன். என் வயது இருக்கும். சீருடை அணியவில்லை, சாதாரணப் புடவை. கைகளை மேசைமேல் வைக்கலாமா மடியில் வைக்கலாமா என்று தெரியாதவர்போல் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

ஜெயசீலன் பூஜ்யத்தைக் காட்டினான். செண்பகவல்லி ஒலிவாங்கியைத் திறந்தாள்.

"ஐயா, அந்த ரிப்போர்ட் நான் குடுத்தது. அது தப்பு. பெட்டி பாக்கெட்ட விட்டாலும் பூஜ்யம்னுதான் காட்டும். சோதிச்சுப் பாத்துட்டோம்."

ஜெயசீலன் அசரவில்லை. "மேடம் சப்போர்ட் டீம் சார். நல்லாப் பண்றவங்க, கொஞ்சம் உணர்ச்சிவசப்படுறாங்க. சிப் ஸாஃப்ட்வேர் எழுதினவர் இங்கேயே இருக்கார். அவர்தான் இதுல அத்தாரிட்டி."

இத்தனை வருடத்தில் முதல்முறையாக, வெளியாட்கள் முன்னால், அதை எழுதியவன் நான் என்று சொன்னான்.

தலைவர் கேட்டார்: "சொல்லுங்க சார். உங்க மேடம் சொல்ற மாதிரி நடக்க வாய்ப்பு இருக்கா?"

லூர்துமேரியின் கைகள் நின்றுவிட்டன.

நான் சொன்னது இதுதான்: "ஆய்வில் இருக்கிறது. இந்தக் கட்டத்தில் எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது." இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எந்த ஆய்வும் முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அந்த மருத்துவமனைப் பெட்டியை நான் சோதிக்கவில்லை, எங்கள் ஆய்வகப் பெட்டியைத்தான் சோதித்தேன். அறிவியல் முறைப்படி இதுவே சரியான பதில்.

தலைவர் "நன்றி" என்று குறித்துக்கொண்டார். லூர்துமேரி கேமராவை, அதாவது என்னை, பார்த்து மெல்லத் தலையசைத்தார். நான் அவருக்குச் சாதகமாக ஏதோ சொன்னதாக நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

கோமதி வந்து, "ரத்தம் நின்னுடுச்சா?" என்று கேட்டாள். நின்றுவிட்டது என்றேன்.

ஜூன் 26, புதன்

விளக்கின் நிரலைத் திருத்திவிட்டேன். உண்மையில் இரண்டு வரிதான். மதிய உணவுக்கு முன்பே முடிந்தது.

ஜூன் 28, வெள்ளி

கமிட்டி முடிவு வந்துவிட்டதாம். லூர்துமேரி பணிநீக்கம். கவனக்குறைவு என்று காவல்துறைக்கும் எழுதப்போகிறார்கள். அடுத்த வெள்ளிக்குள் புதிய ஆதாரம் கொடுத்தால் மறுபரிசீலனை செய்வார்கள். செண்பகவல்லி மெயிலில் இதை மட்டும் எழுதியிருந்தாள். வேண்டுகோள் எதுவும் இல்லை.

ஜூலை 1, திங்கள்

காலையில் எல்லோருக்கும் மெயில். புதிய சீஃப் ஆர்க்கிடெக்ட் சிங்கப்பூர் கிளையிலிருந்து வருகிறார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஜெயசீலன் மெயிலின் முடிவில் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டிருக்கிறான்.

வழியில் பார்த்தபோது, "போர்டுல ஒத்துக்கலடா, நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன்" என்றான். என் தோளைத் தட்டினான்.

அந்தத் தோளை நாள் முழுவதும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

யோசித்துப் பார்த்தால் உண்மை வெளியே வருவதுதான் முறை. ஒரு பெண்ணின் பிழைப்பு போகிறது. ஒருவர் படுக்கையில் கிடக்கிறார். நூறு மருத்துவமனைகளுக்கு இதே பெட்டி போகப்போகிறது. ஒரு பொறியாளனாக எனக்குக் கடமை இருக்கிறது. நேற்றைய மெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கோமதியிடம் இன்றுதான் முழுவதையும் சொன்னேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அந்த சிஸ்டருக்கு என்ன வேணும் இப்போ?"

"கையெழுத்துப் போட்ட ஒரு வாக்குமூலம்."

"போட்டுக் குடுக்க வேண்டியதுதானே."

"அவ்வளவு எளிதில்லை."

"அப்படியா" என்றாள். அடுத்த தாளை எடுத்தாள்.

ஜூலை 4, வியாழன்

செண்பகவல்லி வாக்குமூலத்தைத் தானே எழுதி அனுப்பியிருக்கிறாள். ஒரே பக்கம். என் பெயர் கீழே; கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. பிழை எதுவும் இல்லை; திருத்த ஒரு கமாகூட இல்லை. தொலைபேசியிலும் பேசினாள்.

"சார், நாளைக்கு மதியத்துக்குள்ள போகணும். நான் ராத்திரி பஸ்ல மதுரைக்குப் போறேன். ஒங்க வீட்டு வாசலுக்கே வந்து வாங்கிக்கிடுதேன். வேலை போனா போவுது சார், நானும் சேந்துதான் போறேன்."

"பார்க்கலாம்" என்றேன்.

"பாக்கலாம்னா வரவா, வேண்டாமா?"

லிஃப்டில் சிக்னல் போய்விட்டது.

பொறுமையாக யோசித்தேன். ஒரு மருத்துவமனைக் கமிட்டியின் கோப்பில் போய்ப் படுக்கும் ஒற்றைத் தாளால் யாருக்கு என்ன பயன்? ஜெயசீலன் அதையும் வழித்துத் துடைத்துவிடுவான். உலகம் பார்க்க வேண்டும். ஊழியர்கள் தங்கள் நிறுவனங்களின் ஊழல்களை எழுதும் இணையதளம் ஒன்று இருக்கிறது; எங்கள் துறையில் எல்லோரும் படிக்கிறார்கள். சிப்பைப் பற்றிய பக்கங்களையும் ஜூன் பத்தாம் தேதி சோதனையையும் அதில் போடப்போகிறேன். ஜெயசீலனின் பெயர், பதவி, "எவன் பாக்கறான்" என்று சொன்னது எல்லாம் அப்படியே இருக்கும். புதுமனைப் பத்திரிகை விவகாரம், பல்வலி போன்ற சொந்த விஷயங்களை நீக்கிவிட்டேன். வியாழக்கிழமைக் கூட்டத்தையும் நீக்கிவிட்டேன். அது தொழில்நுட்பம் அல்ல. "நான்" என்று வந்த இடங்களில் எல்லாம் "சோதனை செய்தவர்" என்று மாற்றினேன்.

படித்துப் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது. என் வாழ்நாளில் இவ்வளவு தெளிவாக எதையும் எழுதியதில்லை.

வாசலில் அழைப்பு மணி. கோமதி எழுந்து போகிறாள். "உள்ள வாம்மா, தண்ணி குடி. இருக்கார்" என்ற குரல் கேட்கிறது.

எழுதியவர் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். இப்படியே இணையத்தில் பதிவேற்றிவிட்டு வெளியே வருகிறேன்.